உப்பு வாளி

பால்கனியில் நின்றால் பாலம் தெரியும்,
பாலத்துக்கடியில் தேநீர் நிறத்தில் கடல்.
அதில் ஒரு குவளைகூட ஆகாது என்று
மீன்கடை கூ முதல் நாளே சொல்லிவிட்டார்.
அதனால்
கடலுக்கு எதிரே குடியிருந்துகொண்டு
வாளி இருநூற்று முப்பது வெள்ளிக்கு
உப்பு வாங்குகிறேன்.
வடிகட்டிய நீரில் கொட்டிக் கலக்கி
ஒரு நாள் விட்டு
உப்புமானியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன்.
முப்பத்தைந்து.
ரசத்துக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

தொட்டி யுகேந்திரனுடையது.
சிங்கப்பூரில் இரண்டு மாத வேலை என்று போனவர்
குளிர்பெட்டியில் ஒரு தாள் ஒட்டிப் போனார்:
பம்பை நிறுத்தாதே.
தீனி அதிகம் போடாதே.
கையை உள்ளே விடாதே.

நான்காம் மாதம் பெரியவள் செத்தாள்.
மூடியின் இடுக்கு வழியே துள்ளியிருக்கிறாள்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்து தேடி
சோபாவுக்குப் பின்னால் எடுத்தேன்,
நெத்திலிபோல் காய்ந்து,
ஆரஞ்சு மட்டும் போகாமல்.
கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்தேன்.
யுகேந்திரனிடம் சொல்லவில்லை.
அவரும் அன்று அழைக்கவில்லை.

சின்னவன் சாமந்திக்குள் தனியே கிடந்தான்.
ஜோடி கேட்டுப் போனேன்.
கூ வலையைக் கையில் எடுக்கவே இல்லை.
'சபார் லா, தங்கச்சி.
பொம்பளை போயிட்டா, இருக்கிற ஆம்பளையே
பொம்பளையா மாறிடும்.'
எத்தனை நாளில் என்றேன்.
'அதுக்கென்ன அவசரம்,' என்றார்.

பாயான் லெப்பாஸில் என் வேலையும் கண்ணாடிக்குள்தான்.
தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
பன்னிரண்டு மணி நேரம் சில்லுகளில் தூசி தேடிவிட்டு
வீட்டுக்கு வந்து
பவளத்தின் மேல் பாசி தேடுகிறேன்.

சாமந்தி நடக்கும் என்று தாளில் இல்லை.
ஒரு விடியலில் அது தன் பாறையை விட்டு
ஒரு சாண் தள்ளி
பம்பின் வாய்க்கு நேரே நின்றது.
பம்பை நிறுத்தினேன்.
கையை உள்ளே விட்டேன்.
விரலில் ஒட்டிக்கொண்டு விடாமல் இழுத்தது,
குழந்தை பால்புட்டியை இழுப்பதுபோல.
அன்று தாளைக் கிழிக்கவில்லை. பின்பக்கம்
சந்தைக் கணக்கு எழுதிக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு மழை இரவு, இரண்டே கால்,
கட்டடம் முழுக்க மின்சாரம் போனது.
நீர் நின்றால் மூச்சு நிற்கும்.
தவளைமுட்டைப் பவளம் ஏற்கனவே சுருங்கிவிட்டது.
நீள அகப்பையால் கிண்டத் தொடங்கினேன்.
பாற்கடல் கடைந்தவர்களுக்கு
ஒரு பக்கம் தேவர், ஒரு பக்கம் அசுரர்.
எனக்கு வலது கை வலித்தால் இடது கை.
ஐந்து மணிக்கு நீலவிளக்கு தானே எரிந்தபோது
சிரித்தேனா அழுதேனா தெரியாது,
சட்டை முழுக்க உப்பு.

அகப்பைக்குப் பக்கத்தில்
சின்னவன் வந்து நின்றான்.
நின்றாள் என்று சொல்ல வேண்டும் இப்போது.
உடம்பு அகன்று, பட்டை அகன்று
விரலைக் கண்டால் கடிக்க வருகிற துணிவு.
கூ கொடுத்த புதுக் குட்டி
அவள் முன்னால் உடம்பை நடுக்கி நடுக்கி
பக்கவாட்டில் சாய்ந்து காட்டுகிறது,
சரிங்க, சரிங்க, என்று.

அடுத்த தீபாவளிக்கு வந்தார்.
செருப்பைக் கழற்றியதும் தொட்டிப் பக்கம்தான்.
குனிந்து பார்த்தார். எண்ணினார்.
இரண்டு விட்டுப் போனது, இரண்டு இருக்கிறது.
'பெரியவ நல்லா இருக்காளே.
சின்னவன்தான் வளரவே இல்ல.'

முறுக்குத் தட்டை நீட்டினேன்.
கீழே காரில் உப்பு வாளி இருக்கிறது,
லிஃப்ட் பழுது,
கொஞ்சம் தூக்கி வந்துவிடுங்கள் என்றேன்.